பரவாயில்லை வழக்கு

அந்தப் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு நல்லிணக்க அலுவலகம் என்று ஒன்று இருந்தது. வெவ்வேறு நாட்டு மாணவர்கள் ஒரே அறையிலும் ஒரே சமையலறையிலும் சேர்ந்து வாழும்போது முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. போன வருடம் முழுக்க மாணவர்கள் முட்டிக்கொள்ளவே இல்லை. ஓர் அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வர முடியாது. தீப்பிடிக்காத ஊரில் தீயணைப்பு நிலையத்தை மூடிவிட்டு அங்கே காப்பிக் கடை வைத்துவிடுவார்கள் என்ற பயம், அங்கே வேலை பார்த்த எல்லோருடைய புன்னகையிலும் கொஞ்சம் கலந்திருந்தது.

அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. பல நிறக் கைகள் சேர்ந்து ஒரு பூமி உருண்டையைத் தாங்கிப் பிடித்திருக்கும் படம் சுவரில் தொங்கியது. உருண்டை கீழே விழாமல் இருப்பது அந்தக் கைகளாலா அலுவலகத்தாலா என்று பார்ப்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். நாற்காலிகளை எப்போதும் வட்டமாகத்தான் போடுவார்கள். ஒரே ஒருவர் வந்தாலும் அவர் வட்டமாகத்தான் உட்கார வேண்டும்.

மாணவர் விடுதியின் மூன்றாம் மாடியில் இருந்தவனை அவன் வீட்டில் மண்ணு என்று கூப்பிடுவார்கள். மண்ணியல் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்றே அக்கா வைத்த பெயர் அது. படிக்காமலே நீ அப்படித்தானே இருந்தாய் என்று அப்போது கூடவே ஒரு விளக்கமும் கொடுத்தாள். அவனுடைய அறைத்தோழன் வேறொரு கண்டத்துப் பையன், கட்டடக்கலை மாணவன். முதல் தடவை வீடியோ அழைப்பில் அவனைக் காட்டியபோது கழுத்து வரைக்கும்தான் திரைக்குள் வந்தது. அக்கா கேட்டாள்: "அந்த நெட்டைக்குத் தலை இருக்காடா?"

அன்றிலிருந்து அவன் நெட்டை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டான். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள் கேட்டான். உயர்ந்த மனிதன் என்றான் மண்ணு. அது பொய்யும் இல்லை.

நெட்டை நினைத்ததை அப்படியே சொல்லுகிறவன். அவன் ஊரில் அதற்குப் பெயர் மரியாதை. மண்ணு நினைத்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லுகிறவன். அவன் ஊரில் அதற்கும் பெயர் மரியாதைதான். இன்றைக்கு உன் சமையல் மோசம் என்று நெட்டை சொல்லுவான், சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டு போட்டுக்கொள்வான். ஆரம்பத்தில் மண்ணு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வருத்தப்பட்டுவிட்டு வருவான். பிறகுதான் ஒன்று புரிந்தது. இவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் நாளில் அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. உலகத்தில் அப்படிச் சொல்லுகிற வேறு யாரையும் அவனுக்குத் தெரியாது. நெட்டைக்கும் ஒன்று புரிந்தது. மண்ணு வேண்டாம் என்றால் இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும்.

நெட்டைக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் தூக்கம் வரும். மண்ணுவுக்குக் குளிர் ஆகாது. இதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. ஜன்னல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வந்து, ஒரு நாள் பாதியில் வந்து நின்றது. மண்ணு ஒரு குல்லா வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான்.

இப்படி இருந்த அறைக்குத்தான் நல்லிணக்க அலுவலர் வந்தார். மென்மையான குரல், மென்மையான செருப்பு. வருவது காதில் விழாது, வந்துவிட்டார் என்பது மட்டும் திடீரென்று தெரியும். சமையலறையில் மண்ணு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அறைத்தோழரோடு சேர்ந்து வாழ்வது எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். அந்த நாட்டில் வந்து படிக்கிற எல்லோரும் அந்த ஊர் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். மண்ணுவும் அதில் நன்றாகவே பேசுவான். ஆனால் சில கேள்விகளுக்கு வாய் தானாகத் தாய்மொழிக்குத் திரும்பிவிடும்.

"பரவாயில்லை மேடம்" என்றான்.

கண்ணில் வெங்காய நீர் வழிந்தது. அலுவலர் அதையும் கவனித்துக்கொண்டார்.

அடுத்த நாளே முதல் மாடிக்கு அழைப்பு வந்தது. வட்டத்தில் உட்கார வைத்து அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். யாராவது பொருள் கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன் மண்ணு. அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். பரீட்சையில் கொஞ்சம் நல்ல மதிப்பெண் வந்தால் பரவாயில்லை. கொஞ்சம் கெட்ட மதிப்பெண் வந்தாலும் பரவாயில்லை. பேருந்தில் யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டாலும் பரவாயில்லை, ஆனால் அதற்குப் போடு என்று அர்த்தமா போடாதே என்று அர்த்தமா என்பது போடுகிறவரைப் பொறுத்தது.

அலுவலர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, உங்கள் அறைத்தோழரைப் பற்றிச் சொன்னது இதில் எது என்று கேட்டார்.

மண்ணு நேர்மையாக யோசித்தான். அதுதான் அவன் செய்த தவறு.

"எல்லாம் கலந்துதான் மேடம்."

"கால மிதிக்கிறதும் அதுல இருக்கா?"

"அறை சின்னது மேடம். அவனுக்குக் கால் பெருசு."

அன்றைக்கே வழக்கு திறக்கப்பட்டது.

ஒரு சொல்லில் இத்தனை வேதனை ஒளிந்திருக்குமானால் அதை அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று அலுவலகம் தீர்மானித்தது. மொழியியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவருக்குப் பல மொழிகளில் இலக்கணம் தெரியும், ஒன்றிலும் ஒரு டீ வாங்கிக் குடிக்கத் தெரியாது. அவர் சொல்லை இரண்டாகப் பிரித்தார். 'பரவா' என்றால் பரவாத. 'இல்லை' என்றால் இல்லை. ஆகவே அந்த அறையில் பரவாதது எதுவும் இல்லை. ஓர் எதிர்மறையை இன்னோர் எதிர்மறை அடித்துவிடுவதால், இருப்பது பரவுகிறது என்பதே சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த மண்ணு அதை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்ததும் அவனுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சுகாதாரப் பிரிவிலிருந்து வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர் வந்தார்கள். நெட்டையைக் கட்டிலில் உட்கார வைத்து நாக்கு, தொண்டை, நகம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். மேசையில் அவன் அட்டையில் செய்துகொண்டிருந்த பாலத்தின் மேலும் ஒரு முறை மருந்து அடித்தார்கள். பாலம் நடுவில் தொய்ந்தது. இது மூன்று மாத வேலை, இப்போது கெட்டுவிட்டது என்று நெட்டை உள்ளது உள்ளபடி சொன்னான். அவர்கள் அதையும் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில், நோய் எதுவும் காணப்படவில்லை, ஆனால் அது பரவும் தன்மை உடையது என்று அறிக்கை வந்தது.

அடுத்தது உணர்வு வட்டம். ஒரு துணிப்பந்தைக் கொடுப்பார்கள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மனதைத் திறக்க வேண்டும், மற்றவர்கள் மூச்சு மட்டும் விடலாம். பந்து முதலில் நெட்டையிடம் போனது. கேள்வி கேட்டால் பதில் சொல்லுகிறவன் அவன். மண்ணு பாத்திரம் கழுவும்போது தண்ணீரை அதிகம் செலவழிக்கிறான், குளிக்கும்போது ஒரே பாட்டின் முதல் வரியை மட்டும் பாடுகிறான், செவ்வாய்க்கிழமை வைத்த பருப்பு சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பதத்தில் இருந்தது என்று வரிசையாகச் சொன்னான்.

அலுவலர் விதியை மீறிப் பேசினார். "இதெல்லாம் அவர்கிட்டயே சொல்லியிருக்கீங்களா?"

"தினமும் சொல்றேன்."

"அதுக்கு அவர் என்ன சொல்வாரு?"

"பரவாயில்லைன்னு சொல்வான்" என்றான் நெட்டை. அந்தச் சொல்லை அவன் அழகாகவே உச்சரித்தான்.

வட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பந்து மண்ணுவின் கைக்கு வந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவனுக்கு வியர்த்தது. நண்பனைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெரிந்தது, எப்படி என்பதுதான் தெரியவில்லை.

"அதெல்லாம் பரவாயில்லை மேடம்" என்றான்.

முகம் துடைக்கும் காகிதப் பெட்டியை அவன் பக்கம் மெதுவாகத் தள்ளினார்கள்.

விஷயம் விளையாட்டல்ல என்பது அந்த வார இறுதியில் தெரிந்தது. நடக்கப்போகும் விசாரணையில், அறைத்தோழனை வதைக்கிறான் என்ற குற்றம் நெட்டையின் மேல் உறுதியானால் அவன் கோப்பில் 'கூட்டு வாழ்க்கைக்குத் தகுதியற்றவர்' என்று முத்திரை விழும். முத்திரை விழுந்தால் விடுதியில் இடமில்லை. விடுதியில் இடமில்லாத வெளிநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகத்திலும் இடமில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அன்று மாலை நெட்டை தொய்ந்துபோன பாலத்துக்கு அடியில் தீக்குச்சிகளை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"நிஜமாவே என்னோட இருக்கிறது உனக்குக் கஷ்டமா? இருந்தா சொல்லிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"சே, என்னடா பேசுற நீ. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பர—"

மண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டான். நெட்டை இன்னொரு தீக்குச்சியை எடுத்தான்.

மண்ணு அக்காவுக்கு போன் போட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டது இங்கே வரைக்கும் கேட்டது.

"ஏன்டா, வாயத் தொறந்து அவன் நல்லவன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிக்கா சொல்றது? ஒரு மாதிரி இருக்காதா?"

"அதுவும் சரிதான்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். "உங்க மாமா என்னப் பொண்ணு பாத்துட்டுப் போனப்போ, மாப்பிள்ளை எப்படின்னு கேட்டாங்க. நானும் இதைத்தான் சொன்னேன்."

"இப்போ எப்படி இருக்காரு?"

"இப்பவும் பரவாயில்லதான்."

மாமா அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. பதினோரு வருடத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று தோன்றியது. ஆனால் இதை எல்லாம் விசாரணையில் எடுத்துச் சொல்ல முடியாது. அக்கா ஒரு வாக்கியம் தயார் பண்ணிக் கொடுத்தாள்: அவன் நல்லவன், எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது, நாங்கள் சேர்ந்து இருக்க விரும்புகிறோம். மண்ணு கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லுவதுபோல இருந்தது. காது மடல் சூடானது. ஆனாலும் மனப்பாடம் செய்தான்.

விசாரணை நாளன்று வட்டம் பெரிதாக இருந்தது. அலுவலகத்தின் இயக்குநரே வந்திருந்தார். அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முன்னுரை நிகழ்த்தினார்.

"இந்த அலுவலகம் வர்றதுக்கு முன்னாடி மாணவர்கள் தங்களுக்குள்ளயே பேசித் தீர்த்துக்கிட்டாங்க. எந்தப் பயிற்சியும் இல்லாம, எந்தப் பதிவும் இல்லாம. எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க. சில பேர் பேசாமலே ஒத்துப்போயிருக்காங்க. அப்படி ஒத்துப்போன ஒவ்வொரு ஜோடியும் நம்ம கைய விட்டு நழுவிப்போன ஒரு வழக்கு. எனக்கு இந்த விஷயத்துல எந்தச் சார்பும் கிடையாது. ஏன்னா என் வாழ்க்கையில நான் யாரோடயும் ஓர் அறையில இருந்ததே இல்ல. முயற்சி பண்ணேன். அவங்க ஒத்துழைக்கல."

எல்லோரும் மெதுவாகக் கை தட்டினார்கள்.

மண்ணுவின் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்திருந்தார்கள். அந்தத் தொலைபேசிக்கும் வட்டத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று அலுவலர் அதனிடம் குனிந்து கேட்டார்.

"பரவாயில்லைங்க" என்றது நாற்காலி.

வட்டம் உறைந்துபோனது. அலுவலர் குரலை இன்னும் தணித்து, அவரும் யாரோடாவது அறையைப் பகிர்ந்துகொள்கிறாரா என்று விசாரித்தார். மனைவியோடு என்று பதில் வந்தது. இயக்குநர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு மொழிபெயர்ப்பாளரிடமே அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டார்கள். நல்லதா, கெட்டதா, இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார் இயக்குநர்.

"ரெண்டும் இல்லைங்க. ரெண்டுந்தாங்க."

"சரி, வேற வார்த்தையில சொல்லுங்க."

"வேற வார்த்தை இருந்தா நாங்க ஏங்க இதைச் சொல்லப் போறோம்?"

இயக்குநர் மண்ணுவின் பக்கம் திரும்பினார். அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தருகிறோம் என்றார். மண்ணு எழுந்தான். எதிரே நெட்டை, குழந்தைகள் உட்காரும் அளவு சின்னதான நாற்காலியில், முழங்கால் முகவாய்க்கு வரும்படி மடங்கி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். மண்ணு வாயைத் திறந்தான். அவன் நல்லவன் என்பதில் 'அவன்' மட்டும் வந்தது. மீதி எங்கேயோ அக்காவிடமே திரும்பிப் போய்விட்டது.

அவன் திணறுவதைப் பார்த்துவிட்டு நெட்டை எழுந்தான். எழுந்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவனுக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கு. வற்புறுத்த வேண்டாம். நான் பெட்டி கட்டிட்டேன். நாளைக்குக் கிளம்பிடறேன்."

மண்ணுவுக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வந்தது தாய்மொழியில் வந்தது.

"பொட்டி கட்டிட்டியா? யாரக் கேட்டுடா கட்டின? எருமை."

நாற்காலியிலிருந்து மொழிபெயர்ப்பு ஒரே சுருதியில் பின்தொடர்ந்தது. பெட்டி யாருடைய அனுமதியில் கட்டப்பட்டது என்று கேட்கிறார். எருமை என்பது ஒரு பெரிய பிராணி, நெருங்கியவர்களைக் குறிக்கப் பயன்படும்.

"ஜன்னலத் தொறந்து போட்டு என்னக் குளிர்ல சாகடிச்ச, ஒரு நாள் ஏதாவது சொன்னேனா? நான் ஆக்குனத மோசம் மோசம்னு சொல்லிக்கிட்டே ரெண்டு தட்டு தின்ன, அப்ப ஏதாவது சொன்னேனா? இப்ப மட்டும் பெரிய மனுஷன் மாதிரி பொட்டியத் தூக்கிட்டுக் கிளம்புற. நீ பாட்டுக்குப் போயிட்டா நான் யார்கூடடா சண்டை போடறது?"

மொழிபெயர்ப்பாளர் கடைசி வரிக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நீ போய்விட்டால் நான் யாரோடு சண்டையிடுவேன் என்று கேட்கிறார் என்றார்.

நெட்டை அப்படியே நின்றான். அவன் காது சிவந்திருந்தது.

"சண்டை" என்றார் இயக்குநர். அவர் குரல் நடுங்கியது. "சண்டைன்னு சொன்னாரா?"

"ஆமாங்க."

"போடறதுக்கு ஆள் வேணும்னு சொன்னாரா?"

"அப்படியும் வச்சுக்கலாங்க."

அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காகிதப் பெட்டி இப்போது அவரிடம்தான் இருந்தது. இயக்குநர் எழுந்து இருவருடைய கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தார். அலுவலக வரலாற்றிலேயே முழுமையாக வெளிப்படுத்தப்பட்ட முதல் பண்பாட்டு மோதல் இதுதான் என்று அறிவித்தார். அடக்கி வைத்தால்தான் நோய், வெளியே வந்துவிட்டால் அது நல்லிணக்கம். ஆகவே நெட்டையின் மேலிருந்த குற்றச்சாட்டு நீங்குகிறது, இருவரும் அதே அறையில் தொடரலாம் என்றார்.

மண்ணு உட்கார்ந்துவிட்டான்.

ஒரே ஒரு நிபந்தனை என்றார் இயக்குநர். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இருவரும் இங்கே வட்டத்துக்கு வந்து, பார்வையாளர்கள் முன்னிலையில் சண்டை போட வேண்டும். மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து கற்றுக்கொள்ள ஆட்கள் வருவார்கள். சண்டை என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு வழக்கு மறுபடி திறக்கப்படும்.

முதல் சில வியாழக்கிழமைகள் சிரமமில்லாமல் போயின. ஜன்னல், தண்ணீர், பாட்டின் முதல் வரி என்று கையிருப்பு இருந்தது. பார்வையாளர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒருவர், இதே மாதிரி எங்கள் மாணவர்களையும் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டார். இருவரும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து, பூமி உருண்டைப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்து அறையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பிறகு கையிருப்பு தீர்ந்தது. சும்மா ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லு என்றான் மண்ணு. இல்லாத குறையைச் சொல்ல நெட்டைக்கு வாய் வராது. மண்ணுவுக்குப் பொய் வரும், சிரிப்பும் கூடவே வந்துவிடும். உண்மையான குறை வேண்டும் என்றால் யாராவது உண்மையாகத் தப்புச் செய்தாக வேண்டும்.

நெட்டை வெகுநேரம் யோசித்தான். கடைசியில் மிகுந்த தயக்கத்தோடு, "உன் வெள்ளைச் சட்டையோட என் சிவப்பு சாக்ஸச் சேர்த்துத் துவைக்கட்டுமா?" என்று கேட்டான்.

"அந்த நல்ல சட்டையையா?"

"வேண்டாம்னா விடு."

மண்ணு சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். அது வாடின ரோஜா நிறத்தில் திரும்பி வந்தது. அதை வைத்து இரண்டு வியாழக்கிழமை ஓடியது. மண்ணு உண்மையாகவே கோபப்பட்டான், பார்வையாளர்களில் ஒருவர் அழுதுவிட்டார்.

அடுத்தது மண்ணுவின் முறை. புதன்கிழமை சாயங்காலம் அவன் பருப்பை இறக்குவதற்கு முன்னால் உப்பு டப்பாவை எடுத்தான். ஒரு கரண்டி போட்டான். நெட்டை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு கரண்டி போடுகிறாயா என்று அவனே கேட்டான். மண்ணு போட்டான்.

நெட்டை உட்கார்ந்து முதல் வாய் எடுத்தான். முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது. ஒரு முழு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"எப்படி இருக்கு?" என்றான் மண்ணு.

"ரொம்ப மோசம்."

"சரி, போதும்டா. வச்சிடு. வேற ஏதாவது செஞ்சு தரேன்."

நெட்டை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இரு. முழுசாச் சாப்பிட்டாத்தான் நாளைக்கு உன்ன மனசாரத் திட்ட முடியும்."